நின்ற வண்டிகளும் கந்தவேலும்

கந்தவேலுக்கு மனசு சரியில்லை என்றால் வாய் பேசாது, நாற்காலி பேசும். சக்கரம் வைத்த நாற்காலி அது. நர்மதா வேலைக்குச் சேர்ந்த புதிதில் நேராகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சன்னல் பக்கம் திரும்பியது. ஆடி கழிவதற்குள் அவருடைய முதுகு மட்டும்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டரையும் அதற்குத் தகுந்தபடி ஒருக்களித்து வைத்துக்கொண்டார். கண்ணில் வெயில் அடித்தது. கையை நெற்றிக்குக் கொடுத்துக்கொண்டு வேலை பார்த்தாரே தவிர, திரும்பவில்லை.

எங்கள் ஆபீஸ் நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. லாரிகளிலும், பூமியைத் துளைத்துப் போர் போடுகிற ரிக் வண்டிகளிலும் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்திவிடுவார்கள். வண்டி எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று அந்தப் பெட்டி ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வாங்கி வண்டி முதலாளியின் போனில் மேப்பாகக் காட்டுவதுதான் எங்கள் வேலை. எங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் கூட்டுகிறவள், டீ போடுகிறவள், காலையில் சாமி படங்களுக்குப் பூ மாற்றி விளக்கேற்றுகிறவள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனால் பல வருடமாக அந்த அறையிலேயே நடமாடுவதால், அவர்கள் பேசுகிறதில் பாதியாவது காதில் தங்கிவிட்டது.

கந்தவேலுக்குச் சொந்த ஊர் குமாரபாளையம். வீட்டில் விசைத்தறி. அப்பா தவறிய பிறகு தறி முழுவதும் அண்ணன் ரமேஷ்குமாருக்குப் போனது. "ஒருத்தன் கையில இருந்தாத்தான் தொழில் சிதறாது" என்று அம்மா சொல்லிவிட்டாராம். அதை இன்றைக்கும் அம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். அண்ணன் வீட்டில் புதுத் தறி இறங்கியது என்று தெரிந்தால் இவருக்கு இங்கே சோறு இறங்காது. கெட்ட மனுசர் இல்லை. என் மகள் பிரசவத்துக்கு ரத்தம் வேண்டும் என்றபோது, சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு உடனே வண்டியை எடுத்தவர். பக்கத்தில் இருக்கிறவர் ஒரு படி மேலே வைத்தால் மட்டும் அவருக்குள் ஏதோ ஒன்று சுருண்டுகொள்ளும். அதை மறைக்கவும் தெரியாது.

தறி கைக்கு வராததால் நாமக்கல்லுக்கு வந்து ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் சேர்ந்தார். அப்போது பெட்டியும் இல்லை, போனில் மேப்பும் இல்லை. சுவரில் பெரிய இந்தியா மேப்பை ஒட்டி, ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கலர் குண்டூசி குத்தி வைத்திருப்பார்கள். காலையில் வந்ததும் கந்தவேல் ஹைவேயில் இருக்கிற தாபாக்களுக்கும் பெட்ரோல் பங்குகளுக்கும் போன் போடுவார். "பாய், நம்ம வண்டி தாண்டுச்சா?" என்று இந்தியும் தமிழும் கலந்து கேட்பார். தாண்டிவிட்டது என்றால் குண்டூசியைப் பிடுங்கி அடுத்த ஊரில் குத்துவார். நாக்பூரில் டயர் வெடித்த வண்டியைக்கூட அங்கிருந்தபடியே தேடிப் பிடித்திருக்கிறார் என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

அந்தப் புக்கிங் ஆபீஸ்காரரின் மருமகன்தான் எங்கள் முதலாளி குருமூர்த்தி. பெட்டி வியாபாரம் தலையெடுத்தபோது தனியாக ஆபீஸ் திறந்தார். கந்தவேலையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெங்களூரில் இருந்த யாரோ ஒருவரிடம் போனிலேயே கேட்டுக் கேட்டு, கந்தவேல் கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதக் கற்றுக்கொண்டார். க்வெரி என்பார்கள் அதை. இந்த வண்டியின் பழைய இடத்தை எடுத்துவிட்டுப் புது இடத்தை எழுது என்பது அப்டேட் க்வெரி. முதலில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு உத்தரவாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி பெருகப் பெருகக் கம்ப்யூட்டர் திணறியது. வந்த தகவல் அத்தனையையும் முதலில் டேபிள் என்கிற ஒரு தற்காலிகப் பட்டியலில் கொட்டிவிட்டு, மொத்தமாக ஒரே உத்தரவில் மாற்றலாம் என்று கண்டுபிடித்தது கந்தவேல்தான். அன்றைக்கு முதலாளி எல்லோருக்கும் பாதாம்பால் வாங்கித் தந்தார்.

ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸுக்குள் போய் எதையாவது மாற்றவேண்டும் என்றால் அதற்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு. நாங்கள் எல்லோரும் அதைச் சாவி என்றுதான் சொல்வோம். அது கந்தவேலிடம் மட்டும் இருந்தது.

"மொதலாளிக்கே தெரியாதுங்க பூவாக்கா" என்பார் என்னிடம். "தறி அவனுக்குப் போச்சு. போகட்டும். இது என்னுது."

நர்மதா நாமகிரிப்பேட்டைப் பெண். அப்பாவுக்கு மஞ்சள் விவசாயம். காலேஜில் இதையே படித்துவிட்டு, சேலத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். சத்தமாகச் சிரிப்பாள். எல்லோரையும் அண்ணா, அக்கா என்பாள். டிபன் டப்பாவைத் திறந்தால் முதல் வாய் பக்கத்து ஆளுக்குத்தான். கந்தவேலிடமும் நீட்டுவாள். "வயிறு சரியில்ல" என்பார் அவர். தினமும் அவருக்கு வயிறு சரியில்லாமல் போனது.

அவள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அவள் எழுதியதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் விளக்குமாற்றோடு போனால் சட்டென்று மூடிவிடுவார். ஒருநாள் மூட மறந்துவிட்டார்.

"என்னங்க தம்பி, அந்தப் புள்ளது ஏதாச்சும் தப்பா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"அது இருந்தாத் தேவலையே" என்றார்.

போன வருடம் ஆயுத பூஜையன்று எங்கள் மேப் படுத்துவிட்டது. அன்றைக்கு எங்கெங்கோ ஓடுகிற வண்டிகள் பூஜைக்கு ஊர் திரும்பும். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் எங்கே பார்த்தாலும் கழுவித் துடைத்து நிற்கும். முதலாளிமார்கள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, எந்த வண்டி வந்தது, எது இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வண்டி வாசலில் நிற்கிறது, மேப்போ இன்னும் கிருஷ்ணகிரியிலேயே நிற்கிறதாகக் காட்டியது. இந்த வருடமும் அப்படியானால் ரிக் முதலாளிகள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்று குருமூர்த்தி பயந்தார். பூஜைக்கு முந்தின வாரம் எல்லோரையும் உட்காரவைத்து, என்ன வழி என்று கேட்டார். நான் டீ டம்ளர் எடுக்கப் போனவள், அங்கேயே நின்றுவிட்டேன்.

நர்மதா எழுந்து போர்டில் ஒரு சின்ன லாரி வரைந்தாள்.

"நிக்கற வண்டியும் சும்மா நிக்கறதில்லீங்க சார். பெட்டி ஒருக்கா இங்க நிக்கறேங்குது, அடுத்த தடவ ரெண்டடி தள்ளி நிக்கறேங்குது. நம்ம க்வெரி அத நம்பிக்கிட்டு ஒவ்வொரு தடவையும் எழுதுது. எழுதறதுகூடப் பெருசில்லீங்க. எடத்த வெச்சு வண்டியத் தேடறதுக்கு உள்ள ஒரு இன்டெக்ஸ் இருக்குது பாருங்க, அதுலயும் பழசப் புடுங்கிப் புதுசச் சொருகோணும். பூஜையன்னிக்கு அத்தன வண்டியும் ஒரே பக்கம் நிக்கறப்ப, இன்டெக்ஸ்ல ஒரே மூலையில போய் எல்லாம் முட்டுது."

"அதுக்கு என்ன பண்ணோணும்கறே?" என்றார் குருமூர்த்தி.

"இத்தன மீட்டருக்கு மேல நகந்தாத்தான் எழுதோணும்னு ஒரு கண்டிசன் போட்டுறலாங்க. நகராத வண்டிக்கு எதுக்கு வேல? கந்தவேலண்ணாவே சொல்லட்டும். ஏங்கண்ணா, சொவத்து மேப்புல நகராத வண்டிக்குக் குண்டூசியப் புடுங்கி, திருப்பி அதே ஓட்டையில குத்துவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பிரியமாகத்தான் சொன்னாள். குண்டூசிக் கதையை அவருடைய பெருமையாகத்தான் கேள்விப்பட்டிருந்தாள்.

குருமூர்த்தியும் சிரித்துவிட்டு, "ஏங் கந்தவேலு, குண்டூசி குத்துன கை உன்னுது. இத்தன வருசத்துல இது உனக்குத் தோணலியா?" என்றார்.

கந்தவேலின் காது மடல் சிவந்தது. "போன் வருதுங்க" என்று எழுந்து வெளியே போனார். அவர் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

நர்மதா அதற்குப் பிறகும் வெகுநேரம் போர்டில் எழுதினாள், கட்டம் போட்டாள், அம்புக்குறி இழுத்தாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. கந்தவேல் வெளி வராந்தாவில் கீழே டயர் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பேச்சு முடிகிற நேரம்.

"பூஜை முடியட்டுங்க சார். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்துட்டுப் போட்டுக்கலாம்" என்றாள் நர்மதா.

"சரி, உன்ற இஷ்டப்படியே செய். பூஜை முடிஞ்சதும் சாவிய நர்மதாகிட்டக் குடுத்துரு கந்தவேலு. ஒருத்தர் கையில இருந்தாத்தான் நல்லது" என்றார் முதலாளி.

குமாரபாளையத்து அம்மா சொன்ன அதே பேச்சு. கந்தவேல் "செரிங்க" என்றார். அன்றைக்குப் போட்ட டீயை அவர் குடிக்கவில்லை. ஆடை படிந்து கிடந்தது. எடுத்துக் கொட்டினேன்.

அடுத்து வந்த நாட்களில் அவர் முகம் சிடுசிடுவென்று இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோயிலுக்குப் போகிறவர் மாதிரி ஒரு தீர்மானத்தோடு வந்தார், போனார். நர்மதா சிரித்தால் மட்டும் கீபோர்டில் விரல் நின்றது. அவளுக்கு நான் முதலில் டீ கொடுத்துவிட்டால் என் கையையே பார்த்தார். ஒருமுறை குருமூர்த்தி அவள் மேசையருகே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, "அக்கா, ஃபேன் சத்தம் போடுது, நிறுத்துங்க" என்றார். ஃபேன் நின்றதும் அங்கே பேசுவது இவருக்குத் தெளிவாகக் கேட்டது.

பூஜைக்கு முந்தின நாள் மதியமே நர்மதா ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். அப்பா டிராக்டருக்குப் பூஜை போடவேண்டும் என்றாள். நான் கம்ப்யூட்டர்களைத் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தேன். கந்தவேல் என்னைக் கூப்பிட்டார்.

"பூவாக்கா, இங்க வாங்க. இதப் பாருங்க." திரையில் ஏதோ எழுத்து ஓடி நின்றது. "பாத்தீங்களா? மூச்சு விடறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. முந்தியெல்லாம் நீங்க டீ ஆத்தற நேரம் ஆகும்."

"இது அந்தப் புள்ள சொன்னதுங்களா தம்பி?"

"சொன்னவ அவ. எழுதுனவன் நானு."

"பூஜை முடிஞ்சு போடறதாத்தானுங்களே பேச்சு?"

"நாளைக்கு மேப்பு பறக்கறத மொதலாளி பாக்கட்டும். அப்பறம் சாவி யார்கிட்ட இருக்கோணும்னு அவரே சொல்லட்டும்" என்றார். சின்னப் பையன் மாதிரி முகம் மலர்ந்திருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அவர் டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தார். ஆஞ்சநேயா, இவருக்கு நல்லதாகவே முடியட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மேப் உண்மையிலேயே பறந்தது. ஊருக்குள் நுழைந்த ஒவ்வொரு வண்டியும் நுழைந்த உடனே தெரிந்தது. குருமூர்த்தி வீட்டிலிருந்து போன் போட்டு, "என்ன கந்தவேலு, இன்னிக்கு ஜம்முனு ஓடுது!" என்றாராம்.

மறுநாள் காலை ஆபீஸில் பூஜை. குருமூர்த்தி பட்டு வேட்டியில் வந்திருந்தார். பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் படைத்து, நான் சூடம் ஏற்றித் தட்டைத் தூக்கினேன். அப்போது முதல் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. அடுத்த மேசைப் போனும் அடித்தது. பிறகு குருமூர்த்தியின் மடியிலிருந்த போன். மணி எதுவும் நான் ஆட்டவில்லை, அறை முழுக்க மணிச்சத்தம்.

குருமூர்த்தி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிகள் வைத்திருக்கிற அங்கமுத்துக் கவுண்டரின் குரல்.

"ஏனுங்க, என்ற ரிக்கு காணாமப் போயிருச்சுன்னு உங்க கம்பெனியிலிருந்து ஒரு பொம்பளப்புள்ள போன்ல சொல்லுதுங்க. ரிக்கு என்ற முன்னால மாலையப் போட்டுட்டு நிக்குது. பூசணிக்கா என்ற கையில இருக்குது. இப்ப நான் கண்ண நம்பறதுங்களா, காத நம்பறதுங்களா?"

அது மெஷின் குரல். ஒரு வண்டியிடமிருந்து ரொம்ப நேரம் பேச்சே வராவிட்டால், திருட்டுப் போயிருக்கலாம் என்று கம்ப்யூட்டர் தானாகவே முதலாளிக்குப் போன் போட்டுவிடும். அன்று காலை அது ஊரிலும் வெளியூரிலும் நின்ற வண்டி ஒவ்வொன்றுக்காகவும் போட்டுக்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் கிடந்த டிரைவர்களை எழுப்பி வண்டி எங்கேடா என்று கேட்டவர்கள் உண்டு. வண்டி ஷெட்டுக்கு ஈர வேட்டியோடு ஓடியவர்கள் உண்டு.

குருமூர்த்திக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னய்யா இது? நேத்து நல்லாத்தானே ஓடுச்சு? எதையாச்சும் தொட்டியா?"

கந்தவேல் கொஞ்சம் தயங்கினார். "நர்மதா சொன்னதத்தானுங்க போட்டேன்" என்றார்.

பொய் இல்லை. உண்மையும் இல்லை. சூடத் தட்டு என் கையில் எரிந்துகொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

குருமூர்த்தி உடனே நர்மதாவுக்குப் போன் போட்டுக் கத்தினார். "உன்ற கண்டிசன் என்ன பண்ணிருக்குது பாரு! ஊரே சிரிக்குது!"

அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம். அவள் தள்ளிப் போய் நின்று பேசினாள். "போட்டாச்சுங்களா சார்? பூஜைக்கு அப்பறம்னுதானே... கந்தவேலண்ணா இருக்காருங்களா?"

"இருக்கறேன்" என்றார் அவர்.

"அண்ணா, வண்டி கடைசியாப் பேசுன நேரத்துக்கு ரெண்டாவது டேபிள் ஒண்ணு சொன்னனே, அது எங்கங்கண்ணா வெச்சிருக்கீங்க?"

கந்தவேல் போர்டைத் திரும்பிப் பார்த்தார். ரெண்டாவது டேபிள் என்ற பேச்சையே அவர் அப்போதுதான் கேட்கிறார். அவர் வராந்தாவில் நின்றபோது நர்மதா போர்டில் போட்ட கட்டம் அதுதான் என்று பிற்பாடு அவளே எனக்கு விளக்கினாள். வண்டியின் இடமும் அது கடைசியாகப் பேசிய நேரமும் இதுவரை ஒரே டேபிளில் ஒரே வரியில் இருந்தன. நகராத வண்டியின் வரியைத் தொடாதே என்று சொன்னதும், நேரமும் எழுதப்படாமல் நின்றுவிட்டது. முந்தின நாள் கழுவி நிறுத்திய வண்டிகள் எல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தன. கம்ப்யூட்டருக்கு மட்டும் அவை அப்போதிருந்தே ஊமை. நேரத்தைத் தனியாக ஒரு சின்ன டேபிளில் எழுதவேண்டும், அதற்கு மேப்பின் இன்டெக்ஸைத் தொடவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் அவள் சொன்ன மறுபாதி.

நர்மதா தானாகவே பேசினாள். "பரவால்லீங்கண்ணா. நான் ஊருக்குப் போறேன், பூஜையன்னிக்கு மேப்பு படுத்துறக் கூடாதுன்னு எனக்காகப் போட்டிருப்பீங்க. நானே உங்ககிட்ட முழுசா உக்காந்து சொல்லிருக்கோணும். சார், அண்ணாவைத் திட்டாதீங்க. இது என்ற மேலதான் தப்பு."

கந்தவேல் மேசையைப் பிடித்துக்கொண்டார். சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"உனக்காகப் போடலம்மா. உன்னைய முந்தோணும்னு போட்டேன். நீ பாதி சொல்லும்போதே வயித்தெரிச்சல்ல எந்திரிச்சுப் போயிட்டேன். மீதிய நான் கேக்கவே இல்ல."

 குருமூர்த்தி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அண்ணா" என்றாள் நர்மதா, குரல் இறங்கி. பிறகு, "பழைய க்வெரியவே திருப்பிப் போட்டுருங்க. மெதுவா ஓடுனாலும் நேரம் எழுதிரும். போன் நின்னுரும்" என்றாள்.

போட்டார். மேப் மறுபடி மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தது. போன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அங்கமுத்துக் கவுண்டருடையது மட்டும் ஓயவில்லை.

"எங்க ஊட்ல அத்தாயி ரிக்க வாசல் தாண்ட உடமாட்டேங்கறாளுங்க" என்றார். "சூடம் காட்டற நேரத்துல வண்டி காணோம்னு சொல்லுச்சாம், அது சாமி வாக்காம். ஆந்திராவுல போர் பாயிண்ட்டு காத்துக்கிட்டிருக்குது. நல்ல நேரம் பாத்து இன்னிக்குக் கெளம்போணும். நீங்களே வந்து அவகிட்டச் சொல்லிக்கோங்க. என்ற பேச்சு எடுபடாது."

"நான் போறனுங்க" என்றார் கந்தவேல். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "பூவாக்கா, நீங்களும் வாங்க. தனியாப் போகக் கூச்சமா இருக்குது" என்றார்.

போகிற வழியெல்லாம் பூசணிக்காய் உடைத்துக் கிடந்தது. அவர் வண்டியை வளைத்து வளைத்து ஓட்டினார். 

அங்கமுத்துக் கவுண்டரின் களத்தில் ரிக் வண்டி சாமந்தி மாலையோடு நின்றது. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்காமல் காத்திருந்தார்கள். அவர் சம்சாரம் அத்தாயி அம்மாள் முன் பம்பருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கந்தவேல் கும்பிட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். வரி, டேபிள், நேரம், கண்டிசன் என்று என்னவோ சொன்னார். அந்த அம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு வேண்டாஞ் சாமி. பசங்க இதுல ஏறிப் பாசை தெரியாத ஊருக்குப் போறாங்க. சூடம் எரியறப்ப காணோம்னு ஏன் சொல்லுச்சு? அத மட்டும் சொல்லு."

கந்தவேல் மாலையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அம்மா, எங்க ஆபீஸ்ல ஒரு புள்ள இருக்குதுங்க. என்னையவிடக் கெட்டிக்காரி. அது எனக்குப் பொறுக்கலீங்க. அவள முந்தறதுக்கு அவசரமா ஒண்ணு செஞ்சு போட்டேன், அது அரைகுறையாப் போச்சு. சாமி ஒண்ணும் சொல்லலீங்க. என்ற வயித்தெரிச்சல்தானுங்க உங்களுக்குப் போன் பண்ணுச்சு."

"நெசமாவா?"

"நெசந்தானுங்க."

"சூடத்துல அடிச்சுச் சொல்லு."

தட்டு வந்தது. அவர் சூடச் சுடரின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார். அத்தாயி அம்மாளின் முகம் இளகியது. எழுந்து நாற்காலியைத் தள்ளினார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? சாமி குத்தமோன்னு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. மனுசன் கண்ணுன்னா அதுக்கு மருந்து இருக்குது." உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "இன்னொரு பூசணிக்கா எடுத்தாங்க. குங்குமம் நெறையா வெய்யுங்க."

அங்கமுத்துக் கவுண்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டால் வாயை மூடினார். பூசணிக்காய் வந்தது.

"ஊரான் கண்ணுக்கு நாங்க சுத்துவம். இது உன்ற கண்ணு. நீயே சுத்து, நீயே ஒட" என்றார் அந்த அம்மாள். கந்தவேல் வாங்கி ரிக்கைச் சுற்றி வந்தார். குங்குமம் வழிந்து முழங்கை வரை சிவந்தது. உடைக்கப் போகிற நேரத்தில் அந்த அம்மாள், "இரு சாமி. அந்தப் புள்ள பேரென்ன?" என்று கேட்டார்.

"நர்மதாங்க."

"அவ பேரச் சொல்லி இன்னொருக்காச் சுத்து. அவ மேலதான உன்ற கண்ணு மொதல்ல பட்டுது."

கந்தவேல் நின்றார். ரிக்கைச் சுற்றியபோது வராத கூச்சம் இப்போது வந்தது. பிறகு நாமகிரிப்பேட்டை எந்தப் பக்கம் என்று யோசித்து, கிழக்கே பார்த்துத் திரும்பி, பூசணிக்காயைத் தூக்கிச் சுற்றினார். உதடு அசைந்தது. ஓங்கிப் போட்டு உடைத்தார். வேட்டியெல்லாம் சிவப்பு. ரிக் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. போகிற ரிக்கை அத்தாயி அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

விடுமுறை முடிந்து நர்மதா வந்த அன்றே கந்தவேல் சாவியைக் கொடுத்துவிட்டார். முதலாளி கேட்பதற்கு முன்னால் அவரே போய், "புதுசா ஒண்ணு போட்டுக்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்" என்றார். அவள் பாஸ்வேர்டு அடிக்கிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் உட்கார்ந்து அந்த ரெண்டாவது டேபிளைச் செய்தார்கள். பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஐப்பசி பிறந்த பிறகுதான் போட்டார்கள். மேப் இப்போது நன்றாக ஓடுகிறது. நின்ற வண்டி நின்ற இடத்தில் இருக்கிறது.

அவர் இப்போது ஏதாவது எழுதினால், போடச்சொல்லி அவளிடம்தான் போகவேண்டும். முந்தாநாள் அப்படி ஒன்று கொண்டுபோனார். எந்த வண்டி எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டியது என்று குறிக்கிற க்வெரி. எல்லா வண்டிகளையும் எல்லாச் சாவடிகளோடும் ஒப்பிடாமல், நகர்ந்த வண்டிகளை மட்டும் எடுத்துப் பக்கத்தில் இருக்கிற சாவடிகளோடு மட்டும் பார்க்கும்படி எழுதியிருந்தாராம்.

"உக்காருங்கண்ணா" என்றாள் நர்மதா.

"நிக்கறேன். நீ படி."

அவள் படித்தாள். "சூப்பருங்கண்ணா. அப்படியே போட்டுறலாம்" என்று சொல்லிப் போட்டும் விட்டாள்.

கந்தவேல் நேராக நான் டீ போடுகிற இடத்துக்கு வந்தார். டம்ளரை எடுத்தார், வைத்தார்.

"எத்தன வெரசாப் படிச்சுட்டா பாத்தீங்களா பூவாக்கா?" என்றார். "நான் மூணு நாளாக் கண்ணு முழிச்சு எழுதுனது. ஒரு தப்பாச்சும் இருக்குதான்னு கொஞ்ச நேரம் தேடித்தான் பாத்தா என்னங்க கொறஞ்சு போச்சு அவளுக்கு?"